கதவில் ஒரு பெயர்: ஹெல்சிங்கியில் இரவு விடுதிகள் வீடுகளான வரலாறு

1

சத்திரத்தில் தங்குகிறவனுக்கு வேறு எங்கேயோ ஒரு வீடு இருக்கிறது. இரவைக் கழித்துவிட்டுக் காலையில் தன் வழியே போய்விடுவான் என்ற நம்பிக்கையில்தான் சத்திரம் கட்டப்படுகிறது. நவீன நகரங்கள் வீடற்றவர்களுக்காகக் கட்டிய இரவு விடுதிகளும் இதே நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டவை. ஒரே வித்தியாசம், இங்கே காலையில் வெளியே அனுப்பப்படுகிறவனுக்குப் போக இடம் கிடையாது. போக இடமில்லாதவனை வழிப்போக்கனாகப் பாவித்து நடத்துவது என்கிற இந்தக் கூத்து, முதலில் 'தர்மம்' என்ற பெயரிலும் பிறகு 'சமூக நலம்' என்ற பெயரிலும் ஐரோப்பிய நகரங்களில் நெடுங்காலம் நடந்துவந்திருக்கிறது.

பின்லாந்தின் தலைநகரமான ஹெல்சிங்கி இந்தக் கூத்தைப் பெருமளவுக்கு நிறுத்திக் காட்டிய நகரம். 1985இல் அங்கே வீடற்றோர் விடுதிகளில் இருந்த படுக்கைகள் 2,121. 2008இல் அது 558 ஆனது. 2016இல் வெறும் 52. விடுதிகள் இடித்துக் கட்டப்பட்டோ புதுப்பிக்கப்பட்டோ தனித்தனிக் குடியிருப்புகளாயின. அவற்றோடு உதவிப் பணியாளர்களும் வந்தார்கள். இன்று பல நாடுகளிலிருந்தும் அமைச்சர்களும் நிபுணர்களும் போய் இதைப் பார்த்துவிட்டு வந்து 'பின்லாந்து அதிசயம்' என்று பேசுகிறார்கள். அதிசயம் என்று சொல்லிவிட்டால் வரலாறு காணாமல் போய்விடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. அதிசயத்துக்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை அல்லவா?

நான் இங்கே சொல்ல வருவது இதுதான்: ஹெல்சிங்கியில் நடந்த முக்கியமான மாற்றம் கட்டடத்தில் நடக்கவில்லை. உள்ளே இருப்பவனுக்கும் கட்டடத்துக்கும் இடையிலான சட்ட உறவில் நடந்தது. 'தங்கவைக்கப்படுகிறவன்' என்ற நிலையிலிருந்து 'வாடகைதாரர்' என்ற நிலைக்கு ஒருவர் நகர்ந்தார். இந்த நகர்வுக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன. அது முழுமையடைந்துவிட்டதா என்பது வேறு கேள்வி. அதற்கும் வருகிறேன்.

2

1944இல் சோவியத் யூனியனுடன் போர்நிறுத்தம் ஏற்பட்டபோது பின்லாந்து கரேலியாவின் பெரும் பகுதியை இழந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அங்கிருந்து வந்து சேர்ந்தார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே நாற்பது லட்சத்துக்குள்தான். பத்துப் பேருக்கு ஒருவர் அகதி. போரில் தோற்ற, நஷ்டஈடு கட்டவேண்டியிருந்த ஓர் ஏழை நாடு, 1945இல் நிலம் கையகப்படுத்தும் சட்டம் ஒன்றைப் போட்டு, இவர்களுக்கும் குடும்பமுள்ள முன்னாள் படைவீரர்களுக்கும் போர் விதவைகளுக்கும் நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது. அன்றைய நிலையில் இது லேசுப்பட்ட காரியமில்லை.

ஆக, 'பணமில்லை, இடமில்லை' என்பதெல்லாம் அந்த அரசுக்குப் பொருந்தாத வாதம். பிறகு ஏன் அதே காலத்தில் ஹெல்சிங்கியில் ஆயிரக்கணக்கானோர் வீடில்லாமல் கிடந்தார்கள்? போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்காகத் தோண்டிய நிலத்தடிப் பதுங்குகுழிகளில், போர் முடிந்த பிறகும் மனிதர்கள் படுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் கணிசமானவர்கள் தனி ஆண்கள். துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் காட்டு மரவேலையிலும் கூலிக்கு உழைத்தவர்கள். போர்முனையிலிருந்து திரும்பிய பின் எதிலும் ஒட்டாமல் போனவர்கள், குடித்தவர்கள்.

மறுவாழ்வுத் திட்டத்தின் அலகு 'குடும்பம்'. பெண்டாட்டி, பிள்ளை, நிலம், கடன் என்று ஒரு சங்கிலியில் கோர்க்கப்பட்டவனே குடிமகன். இந்தச் சங்கிலியில் சேராத தனி உடலை எங்கே வைப்பது என்று அரசுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. அதற்கென்று ஏற்கனவே ஒரு சட்டம் கைவசம் இருந்தது. 1936ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டம், நிலையான இருப்பிடமும் ஒழுங்கான வேலையும் இல்லாமல் திரிபவர்களை எச்சரிக்கவும் கண்காணிக்கவும் உழைப்புக் கூடங்களுக்கு அனுப்பவும் அதிகாரம் அளித்தது. விபச்சாரம் செய்வதாகச் சந்தேகிக்கப்பட்ட பெண்கள் மீதும் இதே சட்டம் தாராளமாகப் பாய்ந்தது. பாரிசில் 1656இல் பொது மருத்துவமனை என்ற பெயரில் பிச்சைக்காரர்களையும் ஊர்சுற்றிகளையும் ஒருசேர உள்ளே தள்ளியதை ஃபூக்கோ 'பெரும் அடைப்பு' என்று எழுதியது நமக்குத் தெரியும். இருபதாம் நூற்றாண்டின் வடக்கு ஐரோப்பாவில் அந்த அடைப்பு தன் சுவர்களைக் கொஞ்சம் மெலிதாக்கிக்கொண்டது, அவ்வளவுதான். பகலில் தெரு, இரவில் விடுதி, இடையிடையே போலீஸ் காவல், உழைப்புக் கூடம் என்று ஒரு சுற்றுப்பாதை. அந்தச் சுற்றுப்பாதையில் நடந்துகொண்டே இருப்பதுதான் அவனுக்கு விதிக்கப்பட்ட வாழ்க்கை.

3

1967 பின்லாந்து சுதந்திரம் பெற்ற ஐம்பதாவது ஆண்டு. அந்தக் குளிர்காலத்தில் ஹெல்சிங்கித் தெருக்களில் வீடற்றவர்கள் பலர் விறைத்துச் செத்தார்கள். இதற்கு எதிர்வினையாக 'நவம்பர் இயக்கம்' உருவானது. இல்க்கா தைப்பாலெ என்ற இளம் மருத்துவர் அதில் முன்னணியில் இருந்தார். கவிஞரும் மனநல மருத்துவருமான கிளாஸ் ஆண்டர்சன் பங்கெடுத்தார். இவர் பின்னாளில் இடதுசாரிக் கூட்டணியின் தலைவராகவும் கலாச்சார அமைச்சராகவும் ஆனவர். சிறை, மனநோய் விடுதி, குடிநோயாளிகளைக் கட்டாயமாக அடைத்துவைக்கும் நிறுவனம் என்று, சமூகம் யாரை எல்லாம் ஓரத்தில் தள்ளியதோ அவர்களுக்காக இந்த இயக்கம் பேசியது. டிசம்பர் 6, சுதந்திர தினத்தன்று ஜனாதிபதி மாளிகை விருந்தில் நாட்டின் பெரிய மனிதர்கள் கைகுலுக்கிக்கொண்டிருக்க, நவம்பர் இயக்கத்தினர் வீடற்றவர்களுக்கென்று தனியாக ஒரு சுதந்திர விழா நடத்தினார்கள். யாருடைய சுதந்திரம் என்ற கேள்வியை இதைவிட எளிமையாகக் கேட்க முடியாது.

நெருக்கடி முற்றியது. நகராட்சி ருவோஹொலாத்தி பகுதியில் இருந்த பழைய பெயிண்ட் கிடங்கு ஒன்றை 1967இல் இரவுத் தங்குமிடமாகத் திறந்தது. அதற்கு வழங்கிய பெயர் 'வௌவால் குகை'. இருட்டில் வந்து அடைகிற, விடிந்ததும் காணாமல் போகிற ஜந்துக்களின் இடம் என்று பெயரே சொல்லிவிடுகிறது. வீட்டுக் கொள்கை என்று இதைச் சொல்ல முடியாது. சாவைத் தள்ளிப்போடும் ஏற்பாடு. ஆனால் அந்தக் குளிரில் சாவைத் தள்ளிப்போடுவதே பெரிய விஷயமாக இருந்தது. அதைப் போராடித்தான் வாங்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடுதியை இன்று விமர்சிக்கிறவர்கள், ஒரு காலத்தில் விடுதியே ஒரு கோரிக்கையாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

1979இல் விடுதி மூடப்பட்டது. காலியான கட்டடத்துக்குள் ராக் இசை இளைஞர்கள் புகுந்து ஆக்கிரமித்தார்கள். 'வௌவால்' என்ற பெயரை அவர்கள் விடவில்லை. பின்லாந்தின் மாற்று இசையும் பங்க் கலாச்சாரமும் அங்கே வளர்ந்தன. 1985இல் நாட்டின் முதல் வணிக வானொலிகளில் ஒன்றான ரேடியோ சிட்டி அங்கிருந்து ஒலிபரப்பியது. 1999இல் கட்டடத்தை இடித்தார்கள். இன்று அந்தப் பகுதியில் கண்ணாடி அலுவலகங்கள் நிற்கின்றன.

இந்த இடத்தில் நம்மைப் போன்ற எழுதுகிற ஆட்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 1979க்குப் பிந்தைய கதையைத்தான் நினைவுகூர்கிறார்கள். இசைக்கு வரலாறு உண்டு. ஆக்கிரமித்த இளைஞர்களுக்குப் பெயர் உண்டு. அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் அதே தரையில் படுத்தவர்களுக்குப் பெயர் கிடையாது. அவர்கள் மாற்றுக் கலாச்சாரத்தின் முன்னுரையாகக்கூட இல்லை, அதன் சுவரில் படிந்த வாடையாக மட்டுமே மிஞ்சினார்கள். வீட்டுப் பிரச்சினையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, இடம் மாற்றிவைக்கிறது என்று எங்கெல்ஸ் 1872இல் எழுதினார். இடம் மாறுவது பிரச்சினை மட்டும் இல்லை, நினைவும்தான்.

4

எண்பதுகளில் சொல்லாடல் மாறியது. நாடோடிகள் சட்டம் 1987 தொடக்கத்தில் ரத்தானது. 'நாடோடி' போய் 'வீடற்றவர்' வந்தார். குற்றம் சாட்டும் சொல்லுக்குப் பதில் குறை சொல்லும் சொல். யாருடைய குறை என்பது மட்டும் தெளிவாகவில்லை. அதே 1987 வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டு. அந்த ஆண்டு முதல் பின்லாந்தில் வீடற்றவர்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். சுமார் 18,000 பேர். தெருவிலும் விடுதியிலும் இருப்பவர்களோடு, நண்பர்கள், உறவினர் வீடுகளில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருப்பவர்களையும் இந்தக் கணக்கு சேர்த்துக்கொண்டது. இது முக்கியமானது. தெருவில் படுத்தவனை மட்டும் எண்ணினால் பெண்கள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள். அவர்களில் பலரது வீடின்மை யாரோ ஒருவன் வீட்டு சோபாவில், அவன் தயவில் கழிகிறது.

1985இல் ஒய்-அறக்கட்டளை தொடங்கப்பட்டது. பெரிய நகராட்சிகள், செஞ்சிலுவைச் சங்கம், லூதரன் திருச்சபை, கட்டட முதலாளிகளின் அமைப்பு, கட்டடத் தொழிலாளர் சங்கம் எல்லாம் சேர்ந்து நிறுவிய இந்த அமைப்பு, சந்தையில் சாதாரண அடுக்ககங்களில் தனித்தனி வீடுகளை வாங்கி, வீடற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டது. நிறுவியவர்களில் ஒருவர், மது விற்பனையை ஏகபோகமாக வைத்திருந்த அரசு நிறுவனமான ஆல்க்கோ. வீடு வாங்கப் பணத்தில் பெரும் பங்கு தந்தது, ஸ்லாட் மெஷின் சூதாட்டத்தை ஏகபோகமாக நடத்திய சங்கம். குடிகாரன், சூதாடி என்று யாரைப் பழித்தார்களோ அவனுக்கு வீடு வாங்கிக் கொடுத்தது குடியும் சூதும்தான்! இதைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகக் கூடாது. ஏழைகளிடமிருந்து உறிஞ்சிய காசு, ஏழைகளுக்கே வீடாகத் திரும்பிவரும் ஒரு வழியை அரசியல் போராட்டம் உண்டாக்கியது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு விடுதியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழி படிக்கட்டு வழியாகத்தான் இருந்தது. முதல் படி இரவு விடுதி. குடிக்காமல் இருந்து காட்டினால் அடுத்த படி, கொஞ்சம் நல்ல விடுதி. அங்கேயும் ஒழுங்காக இருந்தால் 'பயிற்சி' வீடு. கடைசியில், எல்லாத் தேர்விலும் தேறினால், சொந்தப் பெயரில் வாடகை வீடு. இடையில ஒரு நாள் குடிச்சிட்டு வந்தால் போச்சு, மறுபடி கீழ்ப்படி. நன்னடத்தையால் சம்பாதிக்க வேண்டிய பரிசாக வீடு வைக்கப்பட்டது. யோசித்துப் பாருங்கள்: சொந்த வீட்டில் இருக்கிற எத்தனை கனவான்கள் இந்தத் தேர்வில் தேறுவார்கள்? அவர்களிடம் யாரும் ஊதச் சொல்லிக் கேட்பதில்லை. பத்திரம் இருக்கிறது, போதும். நன்னடத்தைச் சான்றிதழ் இல்லாதவனுக்கு மட்டும்தான் தேவைப்படுகிறது.

படிக்கட்டு முறை கண்காணிப்பின் ஒரு வடிவம். அது தோற்ற இடமும் அதுவேதான். தெருவிலும் விடுதியிலும் வருஷக்கணக்கில் அடிபட்டவர்கள் மேல் படிகளுக்கு வரவே இல்லை. மற்ற வகையில் வீடற்றவர்களின் தொகை குறைந்துகொண்டே வந்தபோதும் இவர்கள் அப்படியே விடுதிகளில் தங்கிப்போனார்கள்.

5

இதைத் தலைகீழாக்கியது 2007ஆம் ஆண்டு அறிக்கை. அரசு நியமித்த நால்வர் குழு அது: ஹெல்சிங்கியின் சமூகநலத் துறை இயக்குநர், ஒய்-அறக்கட்டளையின் தலைவர், ஒரு பிஷப், நான்காவது ஆள் இல்க்கா தைப்பாலெ. 1967இல் விடுதிகூட இல்லாமல் சாகிறவர்களுக்காகத் தெருவுக்கு வந்த அதே மனிதர், நாற்பது ஆண்டுகள் கழித்து விடுதிகளை மூடச் சொல்லும் அறிக்கையில் கையெழுத்திடுகிறார். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அன்று செத்துப்போகாமல் இருக்கக் கூரை கேட்டார்கள், பிறகு வாழ்வதற்கு வீடு கேட்டார்கள். கோரிக்கை வளர்ந்தது.

அறிக்கையின் தலைப்பு 'கதவில் பெயர்'. பின்லாந்து அடுக்ககங்களில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் குடியிருப்பவரின் குடும்பப் பெயர் எழுதியிருக்கும். வரவேண்டியது தபாலோ விருந்தாளியோ போலீசோ, அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்ட வேண்டும். விடுதியில் படுக்கைக்கு எண்தான் உண்டு. 2008 முதல் 2011 வரை முதல் கட்டத் திட்டமும், 2012 முதல் 2015 வரை இரண்டாம் கட்டமும் நடந்தன. நீண்டகால வீடின்மையைப் பாதியாகக் குறைப்பது, சுமார் 1,250 குடியிருப்புகளை உண்டாக்குவது, விடுதிகளை வாடகை வீடுகளாக மாற்றுவது என்பவை முதல் கட்டத்தின் இலக்குகள். நியூயார்க்கில் 1992 முதல் சாம் செம்பெரிஸ் நடத்திவந்த 'முதலில் வீடு' என்ற முறையோடு இது ஒத்துப்போனது. ஆனால் அங்கே சிதறிக் கிடக்கும் தனி வீடுகள், இங்கே அவற்றோடு பழைய விடுதிக் கட்டடங்களும்.

ஆல்ப்பிகாத்து 25 ஓர் உதாரணம். கல்லியோ தொழிலாளர் பகுதியை ஒட்டி, இரட்சணிய சேனை பல பத்தாண்டுகளாக நடத்திவந்த ஆண்கள் விடுதி அது. நகரத்தின் பெரிய விடுதிகளில் ஒன்று. அதைப் புதுப்பித்து 2012இல் சுமார் 80 தனிக் குடியிருப்புகளாக்கினார்கள். முன்பு பகிர்ந்துகொண்ட அறை, பொதுக் கழிப்பறை. இப்போது ஒவ்வொருவருக்கும் தனிக் கதவு, சின்னச் சமையல் இடம், கழிப்பறை. பணியாளர்கள் கட்டடத்திலேயே இருக்கிறார்கள். குடிநோய்க்கு, கடனுக்கு, மருத்துவத்துக்கு, வேலைக்கு என்று உதவி கேட்டால் கிடைக்கும். கேட்காவிட்டாலும் வீடு போகாது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தாள்: 1995ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டத்தின்படி போட்ட ஒப்பந்தம். நாட்டில் எந்த வாடகைதாரருக்கும் உள்ள அதே சட்டம். விடுதி நிர்வாகி 'நாளைக்கு வராதே' என்று சொல்லிவிடலாம். வாடகைதாரரை வெளியேற்ற நடைமுறை உண்டு, நீதிமன்றம் உண்டு. தன் வீட்டுக்குள் குடிக்கலாமா என்ற கேள்விக்கும் இந்தத் தாளே பதில் சொல்லிவிடுகிறது. எல்லோரும் செய்வதை அவரும் செய்யலாம்.

பகலை இதில் சேர்க்க மறக்கக் கூடாது. விடுதி இரவை மட்டும்தான் கொடுத்தது. 'சாயங்காலம் வா, காலையில எழுந்து போ.' பகல் முழுவதும் அந்த உடல் நகரத்தின் கண்ணில் பட்டுக்கொண்டே, விரட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. சாவி கைக்கு வந்ததும் பகல் திரும்பக் கிடைக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா படுத்திருக்கும் உரிமை. அந்த உரிமை இல்லாதவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

6

இனி விமர்சனம். விடுதியாக இருந்த கட்டடத்தையே வீடாக்கும்போது முகவரி மாறுவதில்லை. 'ஓ, அங்கேயா இருக்கிறாய்?' என்ற கேள்வியும் மாறுவதில்லை. நுழைவாயிலில் பணியாளர் இருக்கிறார். பாதுகாப்புக்காக இருக்கிற அதே கண் கண்காணிக்கவும் செய்கிறது. கஷ்டப்பட்டவர்களை எல்லாம் ஒரே கூரையின் கீழ் சேர்த்துவைத்தால், குடியை விட நினைக்கிறவருக்குப் பக்கத்துக் கதவே சோதனையாகிவிடும். பழைய நிறுவனம் புதிய கட்டடத்துக்குள் குடிவந்துவிடும் அபாயம் எப்போதும் உண்டு. ஒய்-அறக்கட்டளை செய்ததுபோல ஊருக்குள் கலந்த தனி வீடுகளே இதற்கு மாற்று என்பது என் கருத்து.

புதிய குடியிருப்புகள் வருவதைப் பல இடங்களில் அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். சமாதானப்படுத்த 'அக்கம்பக்க வேலை' என்று ஒன்று உருவானது. குடியிருப்பவர்கள் தெருவைப் பெருக்குகிறார்கள், குப்பை பொறுக்குகிறார்கள். அதனால் நல்லுறவு வளர்ந்ததாகச் சொல்கிறார்கள், வளர்ந்திருக்கும். ஆனால் பக்கத்து அடுக்ககத்துப் பொறியாளர் குடிவந்தபோது அவரைத் தெருப் பெருக்கச் சொன்னார்களா? ஏற்கப்படுவதற்காக உழைத்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை, வாசல் வழியாக வெளியேற்றப்பட்டு ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது.

இன்னொன்று, லாபக் கணக்கு. வீடு கொடுத்துவிட்டால் அவசர மருத்துவம், போலீஸ், சிறைச் செலவு குறைகிறது, ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 15,000 யூரோ வரை மிச்சம் என்ற கணக்கு எல்லா மேடைகளிலும் சொல்லப்படுகிறது. நிதி அமைச்சர்களைச் சம்மதிக்கவைக்க இது உதவியிருக்கலாம். உரிமையைச் சிக்கனத்தின் மொழியில் கேட்டால், அதே மொழியில்தான் பதிலும் வரும். மிச்சம் வராத ஒருவர் இருந்தால் என்ன செய்வது? சத்தமில்லாமல், யாருக்கும் செலவு வைக்காமல் ஒரு மூலையில் கிடக்கிறவருக்கு வீடு வேண்டாமா?

இந்தப் பதில் வர ரொம்ப நாள் ஆகவில்லை. 2023இல் பதவிக்கு வந்த வலதுசாரிக் கூட்டணி அரசு, 2024இல் வாடகைக்கான அரசு உதவித்தொகையை வெட்டியது. விடுதியிலிருந்து வாடகைதாரராக மாறியவரின் ஒப்பந்தம் நிற்பது இந்தத் தொகையின் மேல்தான். நீண்டகாலமாக இறங்கிவந்த எண்ணிக்கை 2023 இறுதியில் 3,429 ஆக இருந்தது. 2024 இறுதியில் 3,806 ஆகிவிட்டது. வெட்டு ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கட்டடங்கள் எல்லாம் அப்படியே புதுசாக நின்றுகொண்டிருக்கும்போதே வீடற்றவர்கள் கூடினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வீடு செங்கல்லால் ஆனதென்றால் இது நடந்திருக்க முடியாது.

எங்கேயாவது ஒரு நகரம் தன் பழைய விடுதியை 'நவீனக் குடியிருப்பாக' மாற்றுகிறோம் என்று வரைபடத்தை விரித்தால், வரைபடத்தில் தெரியாத சில விஷயங்களை நாம் கேட்டாக வேண்டும். ஒப்பந்தம் யார் பெயரில்? பகலில் சாவி யாரிடம்? உதவியை மறுத்தாலும் வீடு நிற்குமா? வாடகையைத் தருவது யார், அதை அடுத்த ஆட்சி நிறுத்தினால் தடுக்கச் சட்டம் உண்டா? பழைய விடுதியில் இருந்த அத்தனை பேருக்கும் புதிய கட்டடத்தில் இடம் இருக்கிறதா, இல்லையென்றால் மற்றவர்கள் எங்கே போனார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயர்ப் பட்டியலோடு பதில் வர வேண்டும். எண்ணிக்கையோடு வரும் பதில் போதாது.